நான் மூடிய லேன் போர்ட்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடல் தாண்டி எங்கேயோ இருக்கும் ஒரு பெரிய லேப்டாப் கம்பெனி, திருச்சியில் ஒரு ஹோட்டல் ஹாலில் நான் கையில் போண்டாவோடு சொன்ன யோசனையைக் கேட்டு, தன் புது மாடலையே மாற்றிவிட்டது என்று நான் நம்பினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பல் விளக்கும்போது நம்பினேன். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறிக் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது நம்பினேன். அந்த நம்பிக்கையில் மூன்று கிலோ இளைத்தேன். டாக்டர் சொல்லி, அதற்கப்புறம் எவ்வளவோ நடந்து பார்த்தேன்; அப்படி ஒரு இளைப்பு மறுபடி வாய்க்கவில்லை.

இப்போது இதை எழுதக் காரணம், கடையில் என்னோடு வேலை பார்த்தவர்களின் வாட்ஸ்அப் குழு. நான் ரிட்டயர் ஆகி ஒன்றரை வருடம் ஆகிறது. இன்னும் என்னை அதிலிருந்து தூக்கவில்லை. மரியாதை காரணமல்ல, அட்மின் நான்தான். போன வாரம் அங்கே ஒரே சண்டை. வரப்போகிற ஏதோ ஒரு லேப்டாப் மாடலின் படம் கசிந்திருக்கிறதாம். ஒயர் சொருகுகிற போர்ட் இரண்டே இரண்டுதானாம், விலை மட்டும் பழையதைவிட ஜாஸ்தியாம்.

"ரெண்டு ஓட்டைக்கு இந்த ரேட்டா?" என்று ஒருத்தன்.

"ஓட்டைக்கு இல்லடா, மெலிசா இருக்குல்ல, அதுக்கு" என்று ஒருத்தி.

"மெலிசா வேணும்னா அப்பளம் வாங்கிக்க."

இப்படியே அறுபது மெசேஜ் ஓடி, கடைசியில் என் பக்கம் திரும்பினார்கள். "அண்ணே, நீங்க சொல்லுங்க. எந்தப் போர்ட்டை எடுத்திருந்தா சரியா இருந்திருக்கும்?"

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு ஒரு தடவை பதில் சொல்லிப் பட்டவன் நான்.

டிப்ளமா முடித்தது, டிவி ரிப்பேர் கடையில் நாலு வருடம் ஷாக் அடி வாங்கியது, பிரிண்டர் ரிப்பன் பையோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியது, இதையெல்லாம் நீட்டினால் நானே படிக்கமாட்டேன். தில்லைநகரில் இருந்த கம்ப்யூட்டர் கடையில் பர்ச்சேஸ் பிரிவுக்கு வந்த பிறகுதான் கதை. பர்ச்சேஸ் என்றால், வரப்போகிற மாடல்களில் எதை எத்தனை வாங்கி அடுக்குவது என்று முடிவு செய்கிற இடம். தப்பாக முடிவு செய்தால் சரக்கு அடுக்கிலேயே கிடக்கும். தினமும் அதன் முகத்தில் விழிக்க வேண்டும்.

அந்தப் பிரிவுக்கு மேலாளர் ஸ்டெல்லா மேடம். முன்பு கணக்கு டீச்சர். காதோரம் ஒரு சிவப்புப் பென்சில் செருகியிருப்பார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. நாம் என்ன சொன்னாலும் முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி. திரும்பச் சொல்லுங்க" என்பார். அவ்வளவுதான் அவருடைய ஆயுதம். ஒரு தடவை லீவு வேண்டும், மாமா தவறிவிட்டார் என்று போய் நின்றேன்.

"சரி. திரும்பச் சொல்லுங்க."

இரண்டாவது தடவை மாமாவுக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை.

"திரும்பச் சொல்லுங்க."

மூன்றாவது தடவை மாமா சௌக்கியமாக இருந்தார். எனக்குத்தான் கிரிக்கெட் மேட்ச் இருந்தது. லீவும் கொடுத்தார். அதுதான் அவரிடம் இன்னும் பயமாக இருந்தது.

அவர் வைத்திருந்த இன்னொரு ஏற்பாடு, ஒயர் மேஜை. கடையின் பின்பக்கம் வெள்ளை ஷீட் ஒட்டிய ஒரு நீள மேஜை. பத்து லேப்டாப்புக்கு மேல் யார் கேட்டு வந்தாலும் விலை சொல்லக்கூடாது. முதலில் அவர்கள் லேப்டாப்பில் என்னென்ன சொருகுவார்களோ அத்தனையும் கொண்டுவந்து அந்த மேஜையில் கொட்ட வேண்டும். சார்ஜர், மவுஸ், பென் டிரைவ், ப்ரொஜெக்டர் ஒயர், நெட் ஒயர், எல்லாம். மேடம் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து மூன்று கேள்வி கேட்பார். இது எதுக்கு? எப்ப சொருகுவீங்க? இதைச் சொருகும்போது வேற எதெல்லாம் சொருகியிருக்கும்?

மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது. மொத்தம் எத்தனை ஒயர் என்பது கணக்கில்லை. ஒரே நேரத்தில் எத்தனை என்பதுதான் கணக்கு. பதில் தெரியாத ஒயரும் அந்த வேலைக்கு வேண்டாத ஒயரும் மேஜையின் இடது பக்கம் போய்விடும். புத்தூரில் கிளினிக் வைத்திருந்த ஒரு டாக்டர் பெரிய பையோடு வந்து கொட்டினார். அதில் மிக்ஸி ஒயர் இருந்தது. மேடம் அதையும் தூக்கிப் பிடித்து, சிரிக்காமல், "இது எதுக்கு டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர் யோசித்தார் பாருங்கள், அதுதான் அழகு.

எல்லாம் முடிந்து, இத்தனை போர்ட், இன்னின்ன போர்ட் என்று பென்சிலால் எழுதிய பிறகுதான் விலைப் பேச்சு. "ரேட்டை முதல்ல சொல்லிட்டா, அப்புறம் அவங்க காதுல ஒயர் நுழையாது" என்பார்.

அந்த மேஜையை நான் ஒரே ஒரு ஆர்டருக்குத் தாண்டிப் போனேன்.

சிராஜ் பாய் கே.கே. நகரில் ஒரு தேர்வு மையம் ஆரம்பித்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுதுகிற தேர்வுகள் இருக்கின்றன அல்லவா, அதற்கு இடம் கொடுக்கிற மையம். பதினைந்து வருடம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஹாலைக் குத்தகைக்கு எடுத்து, ஏசி மாட்டி, நாற்பது தடுப்பு அடித்து, ஆய்வுக்கு விண்ணப்பமும் தயாராக வைத்திருந்தார். ஆய்வில் தேறினால் அந்தப் பருவத்துத் தேர்வுகள் கிடைக்கும். தேறாவிட்டால் அடுத்த வருடம்தான். அதுவரை ஹால் வாடகை மட்டும் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்.

நாற்பதும் ஒரே மாடலாக இருக்க வேண்டும், நெட் ஒயர் மூலம்தான் வர வேண்டும், வைஃபை கூடாது என்பது அவர்கள் விதி. எங்களிடம் இருந்த மாடலில் பக்கவாட்டில் சதுரமாக லேன் போர்ட் இருந்தது, நெட் ஒயரை நேராகச் சொருகுகிற ஓட்டை. ஆனால் கையிருப்பு பதினொன்றுதான். புது மாடல் வரப்போகிறது என்று கம்பெனி பழையதை அனுப்புவதை நிறுத்திவிட்டது.

பாய் போன் பண்ணினார். "ரெங்கராஜ் சார், வரப்போற மாடல்ல லேன் இருக்கும்ல?"

"இதுல இருக்கு பாய், அதுல இல்லாம போகுமா?"

"விலை?"

"இதே விலைதான்."

"அப்ப அந்த மாடல் பேரையே விண்ணப்பத்துல எழுதிடறேன் சார். அப்புறம் மாத்தினா வரிசையில கடைசிக்குத் தள்ளிடுவாங்க."

"தாராளமா எழுதுங்க பாய்."

பாயைப் பல வருடமாகத் தெரியும், அவருக்குப் போய் ஒயர் மேஜையா என்று விட்டுவிட்டேன். மேடத்திடம் ஆர்டரை மட்டும் சொன்னேன். "மேஜை போட்டாச்சா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அது ஆமாம் ஆட்டலா இல்லை ஆட்டலா என்று இன்றைக்கும் என் தலைக்கே தெரியாது. நல்லவேளை, தலையாட்டலைத் திரும்பச் சொல்லச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

பத்து நாள் கழித்து அந்தக் கம்பெனி, திருச்சிக் கடைக்காரர்களை எல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஹோட்டலுக்கு அழைத்தது. கம்பெனியின் விற்பனை ஆள் விக்னேஷ், டை கட்டி, மைக் பிடித்து, "வரப்போற மாடல்ல விலையைக் கட்டுக்குள்ள வைக்கணும்னா ஒரு போர்ட்டைக் குறைக்கணும். எதைக் குறைக்கலாம்? நீங்கதான் சொல்லணும்" என்றான்.

ஹால் இரண்டு பட்டது. ப்ரொஜெக்டர் போர்ட்டில் கை வைத்தால் வாத்தியார்கள் கடைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள் என்றார் ஒருவர். மெமரி கார்டு சொருகுகிற இடத்தை எடுத்தால் கல்யாண போட்டோக்காரர்கள் என் வீட்டு விசேஷத்துக்கே வரமாட்டார்கள் என்றார் உறையூர்க்காரர். "எதையும் எடுக்காதே, விலையை மட்டும் எடு" என்றது பின் வரிசை. அதற்குப் பெரிய கைதட்டல். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஹாலில் வேறொருவன் கைதட்டு வாங்கினால் எனக்கு எப்போதுமே பொறுக்காது. எழுந்து நின்றேன்.

"லேன் போர்ட்டை எடுத்துடுங்க தம்பி. எங்க கடையில விக்கிற லேப்டாப்ல அந்த ஓட்டையில தூசிதான் கனெக்‌ஷன் வாங்கியிருக்கு. சதுரமா, எலி வளை மாதிரி, எதுக்கு அது?"

ஹால் அதிர்ந்தது. விக்னேஷ் சிரித்துக்கொண்டே ஒரு ஃபார்ம் கொடுத்தான். அதிலும் பெரிய எழுத்தில் "லேன் வேண்டாம்" என்று எழுதி, பெயர், விலாசம், போன் நம்பர் போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்துக் கொடுத்தேன். அந்த நேரத்தில் சிராஜ் பாய் என்று ஒருவர் உலகத்தில் இருப்பதே எனக்கு ஞாபகம் இல்லை. கைதட்டு அப்படிப்பட்ட வஸ்து.

அடுத்த வாரம் வீட்டுக்கு கூரியரில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே பெரிய ஹாட்பாக்ஸ், கூடவே கம்பெனி லெட்டர்: 'தங்கள் மேலான பங்களிப்புக்கு நன்றி.'

சுமதியிடம், அதாவது என் மனைவியிடம், லெட்டரை நீட்டினேன். "பாத்தியா? என் யோசனைக்கு மதிப்பு."

"எதுக்கு, இட்லி சூடா இருக்கறதுக்கா?" என்றாள்.

அதற்கடுத்த வாரம் புது மாடலின் விவரத்தாள் வந்தது. போர்ட் என்ற தலைப்பின் கீழே படித்தேன். சின்ன ஓவல் போர்ட் இரண்டு. பழைய தட்டை போர்ட் ஒன்று. ப்ரொஜெக்டருக்கு ஒன்று. லேன்: ஒரு சின்னக் கோடு. விலை: பழையதைவிட இரண்டாயிரம் கூடுதல்.

அந்தச் சின்னக் கோட்டைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. அது நான் ஃபார்மில் இழுத்த இரண்டு கோட்டில் ஒன்று என்றே எனக்குப் பட்டது. அப்போதுதான் பாய் ஞாபகம் வந்தார். நாற்பது தடுப்போடு, ஏசியோடு, விண்ணப்பத்தோடு, முழுசாக வந்தார்.

பயந்தவன் என்னவெல்லாம் செய்வான் என்று கேளுங்கள். கம்பெனியின் இலவச எண்ணுக்குப் போன் செய்தேன். "போர்ட் எல்லாம் முடிவு பண்றவர்கிட்ட கொஞ்சம் பேசணும்மா, அவசரம்" என்றேன். அந்தப் பெண் ரொம்பப் பணிவாக, "சீரியல் நம்பர் சொல்லுங்க சார்" என்றாள். "எனக்குச் சீரியல் நம்பர் இல்லம்மா, நான் மனுஷன்" என்றேன். கட் ஆகிவிட்டது. பிறகு ஒரு கடிதம் எழுதினேன்: 'ஐயா, கூட்டத்தில் சிற்றுண்டி வேளையில் அடியேன் கூறிய கருத்தை வாபஸ் பெற்றுக்கொள்கிறேன்.' எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். கே.கே. நகர்ப் பக்கம் போகிற வேலை வந்தால் வயிற்று வலி வந்தது. ஹாட்பாக்ஸில் வைத்த இட்லியைத் தொடமாட்டேன் என்றேன்.

சுமதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இட்லியைத் தட்டில் எடுத்து வைத்தாள். "இருபத்தெட்டு வருஷமா பக்கத்துலயே இருக்கேன், நானே உங்க பேச்சைக் கேட்டதில்ல. கடல் தாண்டி இருக்கறவன் கேட்டுட்டானாக்கும்?"

அன்றைக்கு அதை நான் அவமானமாக எடுத்துக்கொண்டேன். மொத்தக் கதையிலும் சரியான தகவல் அது ஒன்றுதான்.

பாய் நடுவில் இரண்டு தடவை போன் பண்ணினார். சத்தம் போடுகிற மனிதராக இருந்தால் தேவலாம். "நம்ம ஆளுங்க எல்லாம் கேக்கறாங்க சார், மெஷின் வந்துடுமான்னு. ரெங்கராஜ் சார் பாத்துக்குவாருன்னு சொல்லிட்டேன்" என்பார். ஆய்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, தாங்காமல், ஸ்டெல்லா மேடத்தின் முன்னால் போய் நின்றேன்.

"மேடம், பாய் ஆர்டர்ல ஒரு சின்ன சிக்கல். கம்பெனிக்காரன் விவரத்தாளைத் தப்பா அச்சடிச்சிருக்கான்."

"சரி. திரும்பச் சொல்லுங்க."

"கம்பெனிக்காரன் கடைசி நேரத்துல லேன் போர்ட்டை எடுத்துட்டான் மேடம்."

"திரும்பச் சொல்லுங்க."

"நான்தான் மேடம் எடுக்கச் சொன்னேன்."

முதல் முறையாக அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். கணக்கில் பூச்சியம் வாங்கிய பிள்ளையைப் பார்ப்பதுபோல் இல்லை. இந்தப் பிள்ளை எந்த ஸ்கூல் என்று பார்ப்பதுபோல் இருந்தது.

"நீங்க கம்பெனியை மாத்துனதை அப்புறம் பேசுவோம். பாய்க்கு ஒயர் மேஜை போட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"அதான் தப்பு. நாளைக்கு அவரை ஒயரோட வரச்சொல்லுங்க. லேன் இல்லன்னு நீங்களே சொல்லணும். நான் சொல்லமாட்டேன்."

பாய் இரண்டு பை நிறைய ஒயரோடு வந்தார். கூடவே எனக்கு ஒரு பாக்கெட் பேரீச்சம்பழம். அதை வாங்கிக்கொண்டே சொன்னேன். புது மாடலில் லேன் இல்லை, விலையும் இரண்டாயிரம் ஜாஸ்தி.

அவர் இரண்டு பையையும் கீழே வைத்தார். "போன்ல இருக்குன்னீங்களே சார்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பதில் அந்தப் பேரீச்சம்பழத்தால் என்னை அடித்திருக்கலாம்.

ஸ்டெல்லா மேடம் எதுவும் நடக்காததுபோல் பையைக் கவிழ்த்தார். முதல் ஒயரைத் தூக்கினார். "இது எதுக்கு பாய்?"

"சார்ஜர் மேடம். அது போட்டபடியே இருக்கும்."

"இது?"

"மவுஸ். எழுதற பிள்ளைங்களுக்கு வேணும்."

"அதுவும் இதுவும் ஒரே நேரத்துல?"

"ஆமா."

"இது?"

"நெட் ஒயர் மேடம். இதான்..." என்று என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"ப்ரொஜெக்டர் ஒயர்?"

"அது என் ஆபீஸ் ரூம்ல மேடம். தேர்வுக்கு இல்ல."

இடது பக்கம் போனது. பென் டிரைவ் தேர்வு ஹாலுக்குள்ளேயே கூடாது, இடது பக்கம். பிரிண்டர் ஒயர், இடது பக்கம். கடைசியில் மேஜையின் வலது பக்கம் மூன்றே மூன்று மிச்சம்: சார்ஜர், மவுஸ், நெட் ஒயர். மேடம் விவரத்தாளைப் பக்கத்தில் வைத்தார். சார்ஜருக்கு ஒரு ஓவல் போர்ட். மவுஸுக்குத் தட்டை போர்ட். இன்னொரு ஓவல் போர்ட் சும்மா இருந்தது.

"இதுல நெட் ஒயருக்கு ஒரு சின்ன அடாப்டர் போட்டா போதும். உங்க விதியைக் காட்டுங்க பாய்."

பாய் தாளை எடுத்தார். 'இணைப்பு ஒயர் வழியாக இருக்க வேண்டும்.' எந்த ஓட்டை வழியாக என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. மேடம் அந்த வரியை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். நான் கேட்காமலே, திரும்பச் சொன்னார்.

பாய்க்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. முழு மூச்சு இல்லை. "அடாப்டரைப் பாத்துட்டு ஆய்வுக்காரர் ஏதாவது சொன்னா?"

"சொன்னா பாத்துக்கலாம்" என்றார் மேடம். பயத்தை அப்படியே என்னிடம் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் விக்னேஷை வரவழைத்தார். பேச்சு மொத்தமும் பத்து நிமிஷம். விலையைக் கம்பெனிதான் நிர்ணயிக்கிறது, தன் கையில் இல்லை என்று அவன் விளக்கினான்.

"சரி. ஒரு போர்ட்டைக் குறைச்சிருக்கீங்க, விலையைக் கூட்டியிருக்கீங்க. ஏன்னு திரும்பச் சொல்லுங்க."

முதல் தடவை மெல்லிய வடிவமைப்பு என்றான். இரண்டாவது தடவை டாலர் என்றான். மூன்றாவது தடவை, "நாப்பது அடாப்டர் ஃப்ரீயா தந்துடறேன் மேடம்" என்றான். இரண்டாயிரம் வித்தியாசத்தைக் கடை ஏற்றுக்கொள்வது என்றும், பாய்க்கு நான் போனில் சொன்ன விலையே பில்லில் இருக்கும் என்றும் மேடம் அங்கேயே முடித்தார். எனக்கான தண்டனை தனி: ஆறு மாதத்துக்கு ஒயர் மேஜையைத் துடைத்து, இடது பக்கத்து ஒயர்களின் சிக்கலை நான்தான் எடுக்க வேண்டும்.

விக்னேஷ் கிளம்பும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "தம்பி, அன்னிக்குக் கூட்டத்துல நான் சொன்னதை இவ்வளவு தூரம் எடுத்துட்டுப் போவீங்கன்னு நினைக்கலை. மேல சொல்லி மாத்த முடியுமா?"

"எதை சார்?"

"லேனை. நான் வேண்டாம்னு எழுதிக் கொடுத்தேனே."

அவன் சிரித்த சிரிப்பில் இன்னொரு கையிலிருந்த டீ டையில் கொட்டியது. சிரிப்பு நிற்கக் காத்திருந்தேன். "சார், அந்த மாடலுக்கு அச்சு போட்டு ஒரு வருஷம் ஆச்சு. நீங்க போண்டா சாப்பிட்டப்ப மெஷின் கப்பல்ல வந்துட்டிருந்துச்சு."

"அப்ப அந்தக் கூட்டம்?"

"வருஷா வருஷம் வைக்கறதுதான் சார். கடைக்காரங்க மனசு விட்டுப் பேசினா சந்தோஷப்படுவாங்கன்னு."

"ஃபார்ம்?"

"குலுக்கலுக்கு. டப்பாவுல போட்டு எடுத்தோம். உங்களுக்குக்கூட ஹாட்பாக்ஸ் விழுந்துச்சே?"

குழுவில் கேட்ட பிள்ளைகளுக்கு இதுதான் பதில். எந்தப் போர்ட்டை எடுக்கலாம் என்று உங்களைக் கேட்கிற அன்றைக்கு அது எடுக்கப்பட்டாகிவிட்டது. விலாசத்தை மட்டும் தெளிவாக எழுதுங்கள்.

கம்பெனியை நான் கவிழ்க்கவில்லை என்று தெரிந்த பிறகும் பாயின் ஆய்வு மிச்சம் இருந்தது. அன்று காலை, மூன்று உபரி அடாப்டரை ஹாட்பாக்ஸில் போட்டு எடுத்துக்கொண்டு கே.கே. நகருக்குப் போனேன். வேறு பை கிடைக்காமலில்லை; ஒரு பிராயச்சித்தம். பாய் வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றிருந்தார். "சாப்பாடா சார்?" என்றார். திறந்து காட்டினேன். முதல் தடவையாக அவர் சிரித்தார், ஆனால் உதடு மட்டும்தான்.

ஆய்வுக்காரர் பத்தரைக்கு வந்தார். ஒல்லியான மனிதர், கையில் ஒரு அட்டை. நாற்பது தடுப்புக்கும் நடுவில் நடந்தார். ஒவ்வொரு லேப்டாப்பின் பக்கத்திலும் அடாப்டர் சின்ன வால் மாதிரி தொங்கியது. ஒவ்வொரு தடுப்பிலும் அவர் நிற்கும்போது பாய் என் முழங்கையைப் பிடித்தார், நகரும்போது விட்டார். நாற்பது தடவை. பிறகு அவர் மூலையில் இருந்த நெட் பெட்டிக்குப் போய், அதில் ஒரு இணைப்புக்கு ஒன்றாக எரிகிற பச்சை விளக்குகளை விரலால் எண்ணினார். நாற்பது இருந்தது. திரும்பி நிமிர்ந்து பார்த்தார். அட்டையில் ஏதோ எழுதினார்.

பாயின் பிடி இறுகியது. "ஏதாவது குறையா சார்?"

"சுவர்க் கடிகாரம் ஓடலை" என்றார் அவர்.

பாய் எதிர்க் கடைக்குப் போய் ஒரு பேட்டரி வாங்கி வந்து போட்டார். அடுத்த திங்கட்கிழமை அனுமதி வந்தது.